பரலோக அரசின் இளவரசன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சீனத்தின் தாய்ப்பிங் போர் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் வாசகர் வட்டத்தில் படித்துப் பேசினோம். பேச்சு முழுக்க அந்தக் கிளர்ச்சியின் தலைவர் ஹோங் ஷியூச்சுவானின் மகனைச் சுற்றியே போனது. பிடிபட்டதும், நாடு பிடித்ததெல்லாம் அப்பா செய்த வேலை, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, என்னைப் படிக்க விடுங்கள் என்று எதிரியிடம் எழுதிக்கொடுத்தவன் அவன். வட்டத்து நண்பர் ஒருவர் கொதித்துப் போனார். "அந்தத் தந்தையை நம்பி லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். பெற்ற பிள்ளை ஒரே நாளில் கைகழுவிவிட்டான். இதற்குச் சந்தேகம் என்று பெயர் வைக்காதீர்கள், இது கோழைத்தனம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் எதிர்த்துச் சொல்லவும் எதுவும் கையில் இல்லை. சிறையில் எழுதியதை எவ்வளவு தூரம் நம்பலாம்? அந்தப் பையன் உண்மையிலேயே தந்தையின் தரிசனங்களைச் சந்தேகித்தானா, இல்லை உயிர்ப்பயத்தில் அப்படி எழுதினானா?

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நண்பரின் கோபம் புரிகிறது. அந்தப் போரில் இறந்தவர்கள் இரண்டு கோடிப் பேர் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவ்வளவு பிணங்களுக்குப் பிறகு "எனக்குச் சம்பந்தமில்லை" என்று ஒருவன் எழுதினால் யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனால் 'ஒரே நாளில்' என்கிறாரே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அது ஒரு நாளில் நடந்ததல்ல என்பதற்கு அந்த வாக்குமூலத்திலேயே தடயம் இருக்கிறது.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹோங் ஷியூச்சுவான் குவாங்தோங் மாகாணத்து ஹக்கா விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அரசுத் தேர்வில் அடிமட்டப் பட்டமான ஷியூட்சாய் பட்டத்துக்குத் திரும்பத் திரும்ப முயன்று தோற்றவர். 1837இல் அப்படித் தோற்றுத் திரும்பியபோது காய்ச்சலில் விழுந்து பல நாள் பிதற்றினார். வானுலகுக்குத் தூக்கிச் செல்லப்பட்டதாகவும், அங்கே பொன்தாடி வைத்த ஒரு முதியவர் வாள் கொடுத்துப் பேய்களை அழிக்கச் சொன்னதாகவும், அதே சபையில் கன்பூசியஸ் கசையடி வாங்கியதாகவும் கண்டார். 1843இல், எப்போதோ கைக்கு வந்து வீட்டில் கிடந்த ஒரு கிறிஸ்தவப் பிரசுரத்தை எடுத்துப் படித்ததும் எல்லாம் பொருந்திவிட்டது. முதியவர் கடவுள், கூட நின்ற அண்ணன் இயேசு, தான் கடவுளின் இளைய மகன். 1851 ஜனவரியில், சீனத்தை அப்போது ஆண்ட மஞ்சு அரசை எதிர்த்து, 'பேரமைதிப் பரலோக அரசு' அறிவிக்கப்பட்டது (தாய்ப்பிங் என்றால் பேரமைதி). 1853இல் நான்ஜிங் நகரமே அவர்கள் கைக்கு வந்து தலைநகரமாகிவிட்டது.

மகன் தியன்குய்ஃபு 1849 நவம்பரில் பிறந்தவன். நான்ஜிங் அரண்மனைக்குள் நுழைந்தபோது மூன்று வயது. அதற்கு வெளியே ஓர் உலகம் இருந்ததாக அவனுக்கு நினைவே இருந்திருக்காது.

அந்த அரண்மனையில் கடவுளின் பேச்சு எப்படி ஒலித்தது என்பதை உங்கள் வட்டத்தில் பேசினீர்களா தெரியவில்லை. தரிசனம் கண்டவர் ஹோங். ஆனால் கடவுள் இறங்கிப் பேசியது இன்னொருவர் மேல். ஹோங்குக்குக் கீழே கிழக்கு, வடக்கு என்று திசைப்பெயரில் மன்னர்கள் இருந்தார்கள். அவர்களில் கிழக்கு மன்னர் யாங் ஷியூச்சிங், கரி சுட்டுப் பிழைத்தவர், எழுத்துப் படிப்பு இல்லாதவர், அபாரமான போர்த் திட்டக்காரர். 1848 முதலே அவர்மேல் அருள் வந்து பிதாவின் குரலில் பேசுவார். அந்தக் குரல் பேசும்போது அரசரான ஹோங்கும் மண்டியிட வேண்டும். 1853 டிசம்பரில் அந்தக் குரல், அரண்மனைப் பெண்களை மோசமாக நடத்துவதற்காக ஹோங்குக்கு நாற்பது கசையடி என்று தீர்ப்புச் சொன்னது. ஹோங் அடிவாங்கக் குப்புற விழுந்த பிறகுதான் மன்னித்தது. அதே நாட்களில், நான்கு வயது இளவரசனை மழையில் விளையாட விடக்கூடாது, இஷ்டத்துக்கு வளர விடக்கூடாது என்றும் வானத்திலிருந்து கண்டிப்பு வந்தது. மழையில் ஆடுவதற்குக்கூடக் கடவுளின் நேரடித் தடை வாங்கிய பிள்ளை அவன்.

1856இல் அந்தக் குரல் அரசருக்கு மட்டுமே உரிய 'பத்தாயிரம் ஆண்டு' என்ற பட்டத்தைத் தனக்கும் கேட்டது. செப்டம்பரில் வடக்கு மன்னரின் ஆட்கள் யாங்கை வெட்டினார்கள். அவர் குடும்பம், வேலையாட்கள், படைவீரர்கள் என்று ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். வெட்டிய வடக்கு மன்னரையும் இரண்டு மாதத்தில் ஹோங் கொன்றார். அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். சில ஆண்டுகளில் யாங் இறந்த நாளை, அவர் வானேறிய திருநாளாகக் கொண்டாடச் சொல்லி ஹோங்கே ஆணையிட்டார்! ஏழு வயது நிறையாதபோது அந்தப் படுகொலை, பத்து வயதை ஒட்டி அதே மனிதருக்குத் திருவிழா. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தரிசனம் என்பது பொய் என்று முடிவு கட்டியிருக்க வேண்டியதில்லை. அது பெரியவர்களின் விவகாரம், பக்கத்தில் போனால் தலை போகும் என்று தெரிந்துகொண்டிருந்தாலே போதும்.

இனி வாக்குமூலத்துக்கு வருகிறேன். ஒன்பது வயதில் தனக்கு நான்கு மனைவியரைக் கட்டிவைத்தார்கள், அதற்குப் பிறகு தாயையும் சகோதரிகளையும் பார்க்கக்கூடாது என்று தந்தை தடை போட்டார் என்கிறான். ஏழு வயதுக்கு மேல் பையன் தாயோடு படுக்கக்கூடாது என்ற ரீதியில், வயதுவாரியாக விலக்கு விதிக்கும் பாடல்களையே அந்த மனிதர் இயற்றி வைத்திருந்தார். மகன் என்ன செய்தான்? தந்தை அரசவைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, ஒளிந்து போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தான். பழைய நூல்களையெல்லாம் தந்தை பேய்ப் புத்தகங்கள் என்று விலக்கியிருந்தார். அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றைத் திருட்டுத்தனமாகப் படித்ததாக எழுதுகிறான்.

நான் ஒரே நாளில் இல்லை என்று சொல்வது இதனால்தான். கதைகளில் வாரிசு சபை நடுவே எழுந்து நின்று தந்தையைக் கேள்வி கேட்பான். இவனுக்கு அந்தச் சபையில் வாயே கிடையாது. இயேசுவுக்கும் வாரிசு இவன்தான் என்று அறிவித்து, இவன் பெயரில் அரசாணைகள் போய்க்கொண்டிருந்தன. அவன் சந்தேகம் கதவோரமாகத்தான் நடமாட முடியும். வருடக்கணக்கில் அது அப்படித்தான் நடமாடியிருக்கிறது.

எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்கள். எழுதியவன் பிழைக்கப் பார்த்தான் என்பதை மறைக்க வேண்டாம். காவலுக்கு இருந்த தாங் என்ற அதிகாரியை அண்ணா என்று அழைத்து நன்றிப் பாட்டு எழுதியிருக்கிறான். மஞ்சு அரசைப் புகழ்ந்தும் எழுதியிருக்கிறான். கன்பூசிய அதிகாரிகளிடம் 'பழைய நூல்களைப் படித்தேன்' என்பது நல்லபிள்ளைப் பேச்சாகவும் இருக்கலாம். ஆனால் அம்மாவை ஒளிந்து பார்த்ததைச் சொல்லி என்ன லாபம்? அதைவிட முக்கியமாக, அவன் சொல்லாமலே விட்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறான்.

நான்ஜிங் 1864 ஜூலை 19இல் விழுந்தது. ஹோங் ஜூன் 1ஆம் தேதியே இறந்துவிட்டார், மகன் பட்டம் ஏறியிருந்தான். நகரத்தில் சோறு இல்லை என்றபோது, பைபிளில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னாவை நினைத்து, புல் பூண்டுகளை உருட்டித் தின்னச் சொன்னவர், தானும் தின்றவர். கோட்டை உடைந்த இரவில் தளபதி லி ஷியூசெங் தன் நல்ல குதிரையைப் பையனுக்குக் கொடுத்து, எதிரிப் படையின் சீருடையில் உடைப்பு வழியாகவே வெளியே கொண்டுபோனார். அக்டோபரில் ஜியாங்ஷி மாகாணத்து ஷிசெங்கில் இரவுத் தாக்குதல். குதிரையிலிருந்து விழுந்தவன் மலையேறி ஓடி ஒரு பள்ளத்தில் பதுங்கினான். நாலாம் நாள், பசி தாங்காமல் செத்துவிடலாம் என்று நினைத்தபோது, மிக உயரமான ஓர் ஆள், உடம்பெல்லாம் வெண்பனி நிறம், ஒரு ரொட்டியைக் கொடுத்ததாக எழுதுகிறான். அவரோடு போகலாம் என்று பார்த்தால் ஆள் மறைந்துவிட்டாராம்.

தந்தையைக் கைகழுவும் காகிதத்தில், தந்தையின் பாணியில் ஒரு தரிசனம்! பிழைக்கக் கணக்குப் போடுகிறவன் இந்த ஒன்றைக் கட்டாயம் விழுங்கியிருப்பான். மஞ்சு அதிகாரிகள் அறவே கேட்க விரும்பாத சொல் ஹோங் வீட்டுப் பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது, வெள்ளை உருவம் வந்தது என்று. அவனுக்கு அது நடந்ததாகவே தோன்றியதால்தான் எழுதினான் என்று நான் நம்புகிறேன். மற்ற வரிகளையும் நான் நம்புவதற்கு இந்த வரிதான் காரணம்.

அந்தத் தரிசனத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று எங்கேயும் சொல்லவில்லை. ரொட்டியைத் தின்றான். இறங்கி வந்து தாங் என்ற பெயருள்ள ஒரு வீட்டில் (காவல் அதிகாரிக்கும் அதே குடும்பப்பெயர், ஆள் வேறு), நான் ஹூபெய்க்காரன், சாங் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு, தலையை மழித்துக்கொண்டு, நான்கு நாள் நெல்லறுப்புக்குக் கூடமாட நின்றான். முன்தலையை மழித்துச் சடை போடுவது மஞ்சு அரசுக்கு அடங்கியதன் அடையாளம். தாய்ப்பிங்காரர்கள் முடி வளர்த்ததே அதை எதிர்த்துத்தான்.

எனவே உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது. தந்தை கண்டது மெய்யா பொய்யா என்ற வழக்குக்கே அவன் போகவில்லை. தந்தை பொய் சொன்னார் என்று ஒரு வரியும் எழுதவில்லை. அது அவர் கண்டது, அவர் செய்தது, நான் பட்டம் ஏறிய பிறகும் மற்ற மன்னர்கள் செய்தது, என்னை விடுங்கள் என்கிறான். குவாங்தோங்குக்குத் திரும்ப விருப்பமில்லை, தாங் ஐயாவோடு ஹூனான் போய்ப் படித்து ஷியூட்சாய் ஆக வேண்டும் என்பதுதான் கேட்ட வரம். எந்தப் பட்டம் கிடைக்காமல் காய்ச்சலில் விழுந்து தந்தை வானத்தைக் கண்டாரோ, அதே பட்டம். இதை முதன்முதலில் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

அவனை விட்டிருக்க முடியாது என்பதும் உண்மை. நான்ஜிங்கைப் பிடித்த ட்செங் குவோஃபான், இளவரசன் தீயில் கருகிவிட்டான் என்று பேரரசுக்கு எழுதியிருந்தார். தப்பிவிட்டான் என்று மஞ்சு தரப்பின் இன்னொரு தளபதி ட்சுவோ சொங்தாங் மறுத்து எழுதினார். கடைசியில் அவனைப் பிடித்து விசாரித்தது, ட்செங்கோடு வரிப்பணத் தகராறில் இருந்த ஜியாங்ஷி ஆளுநர் ஷென் பாவோசெனின் தரப்பு. பையன் உயிரோடு கிடைத்ததே ஒருவருக்கு வெற்றி, இன்னொருவருக்கு அவமானம். 1864 நவம்பர் 18இல் நான்சாங்கில் அவனைச் சிதைத்துக் கொன்றார்கள். பதினைந்து வயது முடிய ஐந்து நாள் இருந்தது.

உங்கள் நண்பர் ஒருவேளை ஹோங் ரென்கானை உதாரணம் காட்டுவார். அதே ஊரில் அதே மாதம் கொல்லப்பட்ட சித்தப்பா முறைக்காரர், கடைசிவரை அசையாதவர். அவரை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் ஹாங்காங்கில் மிஷனரிகளோடு நிம்மதியாக இருந்தவர், 1859இல் முப்பது வயதைத் தாண்டியவராக, தானே முடிவெடுத்து நான்ஜிங் வந்தவர். தேர்ந்துகொண்டதற்கு விசுவாசமாக இருப்பது ஒரு வகை. மூன்று வயதில் தூக்கிவரப்பட்டவனிடம் அதே கணக்கைக் கேட்பது அநியாயம்.

அடுத்த கூட்டத்தில் லி ஷியூசெங்கின் வாக்குமூலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். குதிரையைக் கொடுத்த அந்தத் தளபதி, பிடிபட்ட பிறகு பரலோக அரசின் பிழைகளை வரிசைபோட்டு எழுதினார், மிச்சப் படைகளைச் சரணடையச் செய்கிறேன் என்றும் முன்வந்தார். அவர் துரோகியா வீரரா என்று சீனத்தில் நூறு ஆண்டு கழித்தும் சண்டை போட்டார்கள். உங்கள் நண்பர் கோழைத்தனம் பற்றிய தன் கேள்வியை முதலில் அவரிடம் கேட்டுப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் அந்தப் பையன்மேல் கோபம் இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், பேசுவோம்.

அன்புடன்