இன்பாக்ஸை எட்டிப் பார்ப்பது யார்?

கேள்வி: வேளாங்கண்ணியில் ரூம் புக் செய்த மெயில் வந்த மறுநாளே நாகப்பட்டினம் ஹோட்டல் விளம்பரமாக வருகிறது. ஜிமெயில் என் கடிதங்களைப் படிக்கிறதா? – வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: விளம்பரத்துக்காகப் படித்தது உண்மை. அதை நிறுத்தப்போவதாக 2017 ஜூனில் கூகுள் அறிவித்தது. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் தேடலின் எதிரொலி. அறையைத் தேடியதும் கூகுளில்தானே? கூகுள் கணக்கில் ‘மை ஆட் சென்டர்’ போய் தனிப்பயன் விளம்பரத்தை அணையுங்கள். விளம்பரம் குறையாது, குறி வைத்து வருவதுதான் நிற்கும்.

ஆனால் ஸ்பாம் பிரிக்கவும், டிக்கெட் தேதியை காலண்டரில் ஏற்றவும் இயந்திரம் இன்னமும் கடிதங்களை அலசுகிறது. ஸ்பாம் சோதனையை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். மற்றதை நிறுத்த, கணினியில் பல்சக்கரக் குறி, ‘சீ ஆல் செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’ என்று போய் ‘ஸ்மார்ட் ஃபீச்சர்ஸ்’ டிக்கை எடுங்கள். உடனே ப்ரமோஷன்ஸ், சோஷியல் தாவல்கள் மறைந்து எல்லாக் கடிதமும் ஒரே பெட்டியில் கொட்டும். பலர் பயந்து திரும்பப் போட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு வாரம் உட்கார்ந்து வேண்டாத கடைக் கடிதங்களை ‘அன்சப்ஸ்கிரைப்’ செய்தால் பெட்டி அடங்கிவிடும்.

அதே பக்கத்தில் ‘இமேஜஸ்’ என்ற வரியில், வெளிப்படங்களைக் காட்டுமுன் கேட்கச் சொல்லுங்கள். கடைக்காரர் கடிதத்தில் ஒரே ஒரு பிக்ஸல் (திரையின் ஒரு புள்ளி) அளவில் படம் ஒளிந்திருக்கும். ஆளுக்கொரு இணைய முகவரி உள்ள படம் அது. கடிதத்தைத் திறந்தால் படம் இறங்கும், நீங்கள் திறந்த நேரம் அனுப்பியவருக்குப் போய்விடும். 2013 முதல் கூகுள் தன் சர்வர் வழியாகப் படங்களைத் தருவதால் உங்கள் ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) தெரியாது. திறந்தது தெரியும்.

இவற்றையெல்லாம் செய்துவிட்டு, எப்போதோ ஒரு செலவுக்கணக்கு ஆப்புக்கு மெயில் படிக்க அனுமதி கொடுத்ததை மறந்திருந்தால் பயனில்லை. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் வெளி ஆப்களின் பட்டியல் இருக்கிறது. தெரியாத பெயரையெல்லாம் நீக்குங்கள்.

கேள்வி: சிறிய விருந்தினர் இல்லம் நடத்துகிறோம். வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் நகல் மெயிலில்தான் வருகிறது. கடிதங்களைப் பூட்டி வைக்கும் மெயில் சேவையான புரோட்டானுக்கு மாறினால் போதுமா? – வாசகி, புதுச்சேரி

பதில்: பாதிக் கிணறுதான். புரோட்டானிலிருந்து புரோட்டானுக்குப் போகும் கடிதம்தான் தானாகவே முனைக்கு முனை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி, பூட்டப்படும். விருந்தினர் ஜிமெயிலில் அனுப்பினால் உங்கள் பக்கம் பூட்டி வைக்கப்படும். அவருடைய ‘சென்ட்’ பெட்டியில் ஒரு நகல் அப்படியே கிடக்கும். சப்ஜெக்ட் வரி எப்படியும் முனைக்கு முனை பூட்டில் சேராது, அதில் பாஸ்போர்ட் எண்ணை எழுதாதீர்கள். (டூட்டா என்ற இன்னொரு மெயில் சேவை சப்ஜெக்டையும் பூட்டுகிறது.) ஜிமெயில்காரருக்கு நீங்கள் அனுப்பும்போது கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம், அந்தச் சொல்லை இன்னொரு மெயிலில் அனுப்பாமல் போனில் சொல்லுங்கள்.

முக்கியமான ஆபத்து வேறு. புரோட்டான் கடவுச்சொல்லை மறந்து புதிதாக மாற்றினால், மீட்புச் சொற்கள் போன்ற ஏற்பாடு இல்லாதபட்சத்தில் பழைய கடிதங்கள் திறக்காது. நிறுவனத்தாலும் திறக்க முடியாது. அந்த 12 சொற்களையும் முதல் நாளே காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

மாறுவதற்கு முன் பழைய நகல்களைக் களையுங்கள். விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் வருகையை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு சி ஃபாரம்) போட்டு, பதிவேட்டில் வைக்க வேண்டியதை அச்செடுத்தபின் மெயிலில் அது எதற்கு? ஜிமெயில் தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியைத் தட்டி, ‘பாஸ்போர்ட்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்து, இணைப்பு உள்ளவற்றை மட்டும் கேட்டால் வரிசையாக வரும். அழித்ததும் குப்பைப் பெட்டியில் 30 நாள் கிடக்கும். அதையும் காலி செய்யுங்கள்.

கேள்வி: துணிக்கடையில்கூட மெயில் ஐ.டி. கேட்கிறார்கள். – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கொடுக்காமலே பில் வாங்கலாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைகளுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜிமெயில் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் கடைப் பெயரும் சேர்ப்பதும் ஒரு வழி, உங்கள் முகவரியை யார் விற்றார்கள் என்று காட்டிக்கொடுக்கும். ஆனால் சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை, விவரமானவர்கள் அதை வெட்டிவிட்டு அசல் முகவரியை எடுத்துக்கொள்வார்கள். தனிக் கணக்கை அவ்வப்போது திறந்து பாருங்கள். 2 ஆண்டு தொடாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம்.