கண்ணீரும் கையெழுத்தும்

அன்புள்ள ஐயா,

நான் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். சென்ற வாரம் குடும்பத்தோடு ஓர் ஆங்கிலப் படம் பார்த்தோம். சின்ன ஊர் ஒன்றின் சபைக்குப் பெண் போதகர் வருகிறார். ஊர் அவரை ஏற்க மறுக்கிறது. பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு ஊழியமும் செய்கிறார். முடிவில் ஆலயம் நிறைந்துவிடுகிறது. முகம் சுளிக்க வைக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. பிளஸ் டூ படிக்கும் என் மகள், "நான் ஆயர் ஆக முடியுமா?" என்று கேட்டாள். அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் நாட்டில்தான் நடக்கும் என்று சொல்லி வைத்தேன். மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த நம் ஊர்க்காரர்கள் யாராவது தமிழில் இப்படி ஒரு படம் எடுக்கக் கூடாதா? பைபிளில் பவுலின் வசனம் வேறு குறுக்கே நிற்கிறதே? இந்தப் படத்தை எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் திரையிடலாமா?

க., சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகத் திரையிடுங்கள். நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸை இதில் இழுக்க வேண்டாம். டி.ஆர். சுந்தரம் கட்டி வளர்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த அந்த ஸ்டூடியோவின் நுழைவு வளைவுதான் ஏற்காடு சாலையில் மிச்சம் இருக்கிறது.

மகளுக்கு நீங்கள் சொன்ன பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சி.எஸ்.ஐ. எனப்படும் நம் தென்னிந்தியத் திருச்சபை 1970களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபை 1994இல்தான் கொடுத்தது. நம் திருச்சபையிலேயே, ஆந்திராவின் நந்தியாலில், புஷ்ப லலிதா 2013இல் பேராயராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்து தன் முதல் பெண் பேராயரைக் கண்டது 2015இல். நம் வீட்டில் நடந்துவிட்ட காரியத்தை, அது அடுத்த வீட்டுச் சமாச்சாரம் என்று பெற்ற பெண்ணிடம் சொல்லலாமா? பதினேழு வயதுப் பெண் இப்படிக் கேட்பது தினம் நடக்கிற காரியமா? முதலில் அவள் ஒரு பட்டம் படிக்கட்டும். பிறகு மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியைப் பற்றி விசாரியுங்கள். இன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, நான் சொன்னது தவறு என்று சொல்லிவிடுங்கள்.

பவுலைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்று எழுதிய அதே பவுல்தான், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ரோமருக்கும் எழுதினார். முதல் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டாவதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

என் குறையெல்லாம் படத்தின் முடிவைப் பற்றியது. ஒரு சாவு வீட்டில் அந்தப் போதகர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து ஊர் மனம் மாறுகிறது. அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது. நான் பார்த்தது அப்படியில்லை.

சேர்வராயன் மலையில் ஒரு சிறிய சபை. காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள்தான் பெரும்பாலும் அங்கத்தினர்கள். என் உறவினர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். அங்கே ஒரு பெண் ஆயர் வந்து சேர்ந்தார். கணவருக்குச் சேலத்தில் ஆசிரியர் வேலை என்பதால், சனிக்கிழமைதோறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து மேலே வருவார். ஐப்பசி மழையில் ஒரு முதியவர் இறந்துபோனார். தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு ஆண்கள் மண்ணெண்ணெய் டின்னால் இறைத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்து நின்றார்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, டின்னை வாங்கி இறைத்தார். பிறகு ஜெபப் புத்தகத்தை நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அடக்க ஆராதனையை முழுவதுமாக நடத்தினார். மண்ணுக்கு மண் என்று அவர் அள்ளிய பிடி சேறாக விரல்களில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. கையை உதறி உதறிப் போட்டார். அங்கே அழாதவர்கள் இல்லை. இறந்தவரின் மகன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

படம் இந்த இடத்தில் முடிந்திருக்கும். சபை முடியவில்லை.

அடுத்த மாதமே திருமண்டல அலுவலகத்துக்கு ஒரு மனு போனது. ஆயரம்மா மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, அவர் எங்கள் தாயைப் போன்றவர் என்றுதான் அது தொடங்கியது. கிறிஸ்துமஸ் அன்று அப்பமும் ரசமும் வழங்கும் திருவிருந்துக்கு மட்டும் கீழேயிருந்து ஓர் ஐயரை, அதாவது ஆண் ஆயரை, அனுப்பிவையுங்கள் என்று கேட்டிருந்தார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டாரே, அந்த மகனின் கையெழுத்தும் அதில் இருந்தது. பெண்களின் கையெழுத்துகளே அதிகம். கிறிஸ்துமஸ் அன்று ஓர் ஐயர் வந்தார். இருவரும் அப்பம் கொடுத்தார்கள். அந்த அம்மாவின் பக்கம் முழங்கால் போட இடம் காலியாக இருந்தும், ஜனங்கள் ஐயரின் பக்கமே நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

அவர்கள் யாரும் பொல்லாதவர்கள் அல்ல, சகோதரி. அந்த அம்மாவை அவர்கள் நேசித்தது உண்மை. காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார்கள், மிளகு பறித்தால் ஒரு படி அளந்து கொடுத்தார்கள். ஆனால் அவர் கையால் அப்பம் வாங்க அவர்களுக்குக் கை நீளவில்லை. நீங்கள் பார்த்த படத்துக்கு இந்த மனிதர்களைத் தெரியாது. எதிர்ப்பைக் கடுகடுத்த முகம் கொண்ட ஒரு மூப்பர் தலையில் ஏற்றிவிட்டு, கடைசியில் அவரையும் அழ வைத்துவிடுகிறது. ஒரு பெண் குழிக்குள் இறங்கித் தண்ணீர் இறைத்துத்தான் தன் அழைப்பை நிரூபிக்க வேண்டும் என்றால், ஆண் ஆயர்கள் எதை இறைத்து நிரூபித்தார்கள்? குடையின் கீழ் நின்று அடக்கம் செய்த ஐயர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எதிராக யாரும் மனு எழுதியதில்லை. பெண் ஊழியர் அற்புதம் செய்தால்தான் ஆயர், ஆண் ஊழியர் அங்கி போட்டாலே ஆயர் என்ற கணக்கை அந்தப் படமும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்கிறது. முகம் சுளிக்க வைக்கும் காட்சி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசிக் காட்சிதான் அப்படி இருந்தது.

படத்தைப் பெண்கள் ஐக்கியத்தோடு நிறுத்திவிடாதீர்கள், கமிட்டிக்காரர்களையும் உட்கார வைத்துப் போடுங்கள். உங்கள் சபைக்கு ஒரு பெண் ஆயரை நியமிக்கும் காலம் வந்தால், ஒரு மனுவும் பின்னாலேயே வரும். அதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறவர் நல்லவராகத்தான் இருப்பார், உங்களுக்கு வேண்டியவராகவும் இருப்பார். உட்கார வைத்துக் காபி கொடுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.