மகளுக்கு ரேடியோ வானியல் ஆசை, அம்மாவுக்கு வயிற்றுக் கலக்கம்

வணக்கம் அம்மா. மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகள், பி.இ.யை விட்டுவிட்டு பி.எஸ்சி. இயற்பியலில் சேரப்போவதாகவும், பிறகு வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கிகளின் தரவு மையத்தில் வேலைக்குப் போவதாகவும் சொல்கிறாள், அப்படியொரு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அதற்காக பி.இ.யை விடவே வேண்டாம். அந்த மையங்களுக்குத் தேவைப்படுவதில் பாதிக்கு மேல் அவள் இப்போது படிக்கிற விஷயம்தான்.

அவள் சொல்வது எஸ்.கே.ஏ. (ஸ்கொயர் கிலோமீட்டர் அர்ரே) என்ற பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கித் திட்டமாக இருக்கும். தென்னாப்பிரிக்காவின் காரூ பகுதியில் 197 டிஷ்கள், மேற்கு ஆஸ்திரேலியாவில் இரண்டு மீட்டர் உயரமுள்ள 1,31,072 சிறு ஆன்டெனாக்கள் என்று கட்டி வருகிறார்கள். அவை பிடிக்கும் தரவை கேப்டவுனிலும் பெர்த்திலும் உள்ள கணினிகள் சுருக்கிக் கொடுத்த பிறகும், ஆண்டுக்கு சுமார் 700 பெட்டாபைட் மிஞ்சும் என்பது கணக்கு. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஏழு லட்சம் வாங்கினால்தான் அதை வைக்க முடியும். இதை எந்த ஆய்வாளரும் தன் லேப்டாப்பில் இறக்க முடியாது. அதனால் உறுப்பு நாடுகள் ஆளுக்கொரு மண்டல மையம் அமைத்து, தரவைப் பங்கு போட்டுச் சேமிக்கின்றன. ஆய்வாளர் தன் நிரலை அங்கே அனுப்பி ஓட்டுவார்.

இந்தியப் பங்கேற்புக்கு மத்திய அரசு ரூ.1,250 கோடிக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. இங்கும் ஒரு மண்டல மையம் அதில் அடக்கம். முன்னின்று நடத்துவது புனேயில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையம். தொலைநோக்கிகளை இயக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளில் இந்தியாவின் பங்கு ஏற்கெனவே பெரியது.

சரி, அங்கே உட்கார்ந்து என்ன செய்வார்கள்? ஒரு கோப்பின் பிரதிகள் எந்தெந்த நாட்டில் இருக்கின்றன என்று கண்காணிப்பது, நெட்வொர்க்கை வேகப்படுத்துவது, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்று முடிவுசெய்யும் அமைப்பை எழுதுவது. பிரதிகளைக் கண்காணிக்க, ஜெனீவா அருகே உள்ள சேர்ன் ஆய்வகத்தில் துகள் இயற்பியலுக்காக உருவான ரூசியோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். லினக்ஸ், பைத்தான், குபர்நெட்டீஸ் போன்ற கணினிக் கருவிகள் தெரிந்தவருக்குப் பழகிய களம். வானியல் வேலை கிடைக்காவிட்டாலும் இதே திறமைக்கு சென்னையிலும் பெங்களூருவிலும் ஆள் எடுக்கிறார்கள். உங்கள் கவலைக்கு என்னிடம் உள்ள மருந்து இதுதான்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. திட்டப் பணி என்று ஒப்பந்தத்தில் எடுப்பதே அதிகம். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனம் சுருங்கும். வானத்தைப் பற்றிய கேள்வியே அவளைத் தூங்கவிடாமல் செய்தால் முனைவர் பட்டம் பக்கம் போகட்டும், பொறியியல் பட்டதாரிக்கும் அங்கே வழி உண்டு. கணினிதான் இஷ்டம் என்றால் முனைவர் பட்டம் கட்டாயமில்லை.

எது என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. புனேக்கு வடக்கே கோடாட் கிராமத்தில் 45 மீட்டர் டிஷ்கள் 30 கொண்ட ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியின் பழைய தரவு, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு யாருக்கும் கிடைக்கும். அதில் சிறியதாக ஒன்றை எடுத்து, காசா என்ற இலவச மென்பொருளில் ஒரு படம் உருவாக்கச் சொல்லுங்கள். முதல் சில நாள்கள் முழுக்கக் களையெடுப்பு: செல்போன், மின்கம்பி, செயற்கைக்கோள் இரைச்சலைத் தேடித் தேடி நீக்க வேண்டும். அதைச் செய்தும் சலிக்கவில்லையா, அவள் இந்தத் துறைக்கு ஆள்.

அப்புறம், முடிந்தால் ஊட்டிக்கு அழைத்துப் போங்கள். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இருக்கிறது. அதுவும் இதே புனே மையத்தின் கீழ்தான் வருகிறது. போகும் முன் பார்வை அனுமதி கேட்டுவிடுங்கள்.

அந்தப் புனே மையம் கல்லூரி மாணவர்களுக்குக் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி நடத்துகிறது. விண்ணப்பத் தேதிக்கு அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இதற்கெல்லாம் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், அதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.