ஷாப்புக்கடை

கேள்வி: சென்ற இதழில் ‘ஷாப்புக்கடை’ என்று எழுதியிருந்தீர்கள். ஷாப் என்றாலே கடைதானே? மட்டமான, மலிவான சாமான் விற்கும் கடைக்குப் ‘பல்பொருள் அங்காடி’ என்று நல்ல தமிழ் இருக்கும்போது, ஒரு பத்திரிகை ஆசிரியர் இப்படி எழுதலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எழுதலாம். இனியும் எழுதுவேன். அதற்கு முன்னால், மட்டத்தையும் மலிவையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டீர்களே, அதை அவிழ்க்க வேண்டும். ‘மலிதல்’ என்றால் நிறைதல், பெருகுதல். ஊழல் மலிந்துவிட்டது என்று எழுதுகிறோமே, ஊழல் விலை குறைந்துவிட்டது என்றா அர்த்தம்? ஒரு பொருள் ஏராளமாக வந்து குவிந்தால் விலை இறங்கும். அதனால்தான் குறைந்த விலைக்கு மலிவு என்று பெயர். சீசனில் முருங்கைக்காய் சல்லிசாகக் கிடைக்கிறது. அதற்காக அது மட்டமான காயா?

சரி, ஷாப்புக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அரைஞாண் கயிறு கட்டியிருப்பீர்கள். ஞாண் என்றாலே கயிறுதான். அதையும் தவறு என்று அவிழ்த்துவிடலாமா? ‘மீ’ என்றாலும் மேல், ‘மிசை’ என்றாலும் மேல். இரண்டும் சேர்ந்த ‘மீமிசை’யை ஒருபொருட்பன்மொழி என்று இலக்கணமே மடியில் வைத்துக்கொள்கிறது. சிறப்புக் கருதி வந்தால் குற்றமில்லை என்பது நன்னூல் கணக்கு.

ஆனால் ஷாப்புக்கடைக்கு இந்தச் சலுகைகூடத் தேவையில்லை என்பது என் கட்சி. மளிகைக்கடை, ஜவுளிக்கடை, இரும்புக்கடை, நாட்டுமருந்துக்கடை என்று சொல்லிப் பாருங்கள். முன்பாதி விற்கிற சாமானைச் சொல்கிறது. ஷாப்புக்கடையும் அப்படித்தான். மளிகையிலும் ஜவுளியிலும் அடங்காமல், டப்பாவிலும் அட்டையிலும் புட்டியிலும் வந்து இறங்கிய சோப்பு, சீப்பு, பவுடர், ஸ்நோ, ரிப்பன், கொண்டை ஊசி எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் பக்கத்தில் ‘ஷாப்புச் சாமான்’ என்று பெயர். அதை விற்கிற கடை ஷாப்புக்கடை. இதில் கடை எங்கே இரண்டு முறை வந்தது?

பேச்சில் அது ‘சாப்புக்கடை’ ஆகிவிடும். அதனால் ஒரு கூத்து நடந்தது. கோயில் கச்சேரிக்காக எங்கள் ஊருக்கு ஒரு மிருதங்கக்காரர் வந்து இறங்கினார். நல்ல பசி. சாப்பாட்டுக்கடை எங்கே என்று கேட்டிருக்கிறார். வழி சொன்ன பெரியவருக்குக் காது மந்தம். நேரே சாப்புக்கடையைக் கைகாட்டிவிட்டார். “என்ன இருக்கு?” என்றார் இவர். “எல்லாமே இருக்குங்க, உட்காருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் கடைக்காரர். “பழசா?” “சேச்சே, காலையிலதான் பிரிச்சேன். வீட்ல எத்தனை பேரு?” “நான் ஒருத்தன்தான்.” “அப்ப சின்ன டப்பாவே போதும்” என்று கடைக்காரர் குட்டிகூரா பவுடரை எடுத்து வைத்த பிறகுதான் இருவருக்கும் விளங்கியது. சிரித்து முடித்ததும், கடைக்காரர் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கே அழைத்துப் போய் ரசஞ்சாதமும் அப்பளமும் போட்டு அனுப்பினார். அதற்கு அப்புறம் எப்போது எங்கள் ஊருக்கு வந்தாலும் அவருக்கு அங்கேதான் சாப்பாடு.

அந்தக் கடையில் நீளமாக ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதன் மர விளிம்பில் ஒரு கஜ இடைவெளியில் இரண்டு பித்தளை ஆணிகள். ரிப்பனை இந்த ஆணிக்கும் அந்த ஆணிக்குமாக இழுத்துப் பிடித்து, இரண்டு விரற்கடை கூட்டித்தான் கத்தரிப்பார். ஓரம் பிரிந்தால் மடித்துத் தைக்க வேண்டுமே, அதற்காக. என் அக்கா நாலணா கொடுத்து அனுப்புவாள். அட்டையிலிருந்து ஒரே ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்து மீதிச் சில்லறையும் தருவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

நாலணா என்றதும் ஒன்று. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 காசு வந்தது. ஆனாலும் 25 காசை நாம் நாலணா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். 2011 ஜூன் 30-ஓடு 25 காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் செல்லாது என்று ஆகிவிட்டது. ஒற்றை ஊக்கின் விலைக்குக் கொடுக்கக் கையில் காசே இல்லாவிட்டால், ஒற்றை ஊக்கை எப்படி விற்பது? இப்போது ஒரு ஊக்கு வேண்டுமென்றாலும் முழு அட்டையை வாங்க வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கையில் உள்ள காசுக்கு ஏற்ற அளவில் பொருளைக் கொடுப்பதுதான் அந்தக் கடைகளின் தொழில். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, கூலி வேலை செய்பவர் கைக்கும் கொண்டுபோக நினைத்த கடலூர் சின்னி கிருஷ்ணனுக்கு அது தெரிந்திருந்தது.

இனி உங்கள் அங்காடி. இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. அங்காடி என்றால் ஒற்றைக் கடை இல்லை, சந்தை, கடைத்தெரு. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்தின் இரண்டு பகுதிகளான மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே இருந்தது நாளங்காடி. பகலில் கூடினால் நாளங்காடி, இரவில் கூடினால் அல்லங்காடி. அவ்வளவு பெரிய சொல்லை ஏசி போட்ட ஒரு கூடத்தின் நெற்றியில் மாட்டிவிட்டு, ஷாப்புக்கடையைத் தவறு என்கிறீர்கள். அதே புகார் நகரத்தின் வீதிகளில் வண்ணமும் சுண்ணமும் சாந்தும் கூவி விற்றுத் திரிந்தவர்களையும் இளங்கோ பாடியிருக்கிறார். முகத்துக்குப் பூசும் பொடியும் சாந்தும் விற்ற அவர்களை எங்கள் ஷாப்புக்கடைக்காரரின் முன்னோர் என்பேன். வளையல்களைக் கோத்த சரமான மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவீடாக வந்தவர்களும் அதே வரிசைதான்.

எங்கள் ஊர்க் கடை இப்போது ‘ஃபேன்சி ஸ்டோர்’. மகன் நடத்துகிறார். போன மாதம் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டி புதுசு, பழைய மரவிளிம்பை மட்டும் கழற்றி அதில் பொருத்தியிருக்கிறார். இரண்டு ஆணியும் இருக்கின்றன. தேய்ந்து தேய்ந்து தலை வழவழவென்று ஆகிவிட்டது.

மெய்ப்புத் திருத்துகிறவரிடமும் சொல்லிவிட்டேன், ஷாப்புக்கடை வந்தால் கைவைக்க வேண்டாம் என்று.