இயாகோ ஏன் செய்தான்?

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் பல வருடமாக என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட நண்பர், மேலாளரிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்லி, எனக்கு வரவேண்டிய பதவியைக் கெடுத்துவிட்டார். மனம் ஆறாமல் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தைப் படித்தேன். தன்னை நம்பிய தளபதி ஒதெல்லோவைப் பொய் சொல்லியே கெடுத்த இயாகோ ஏன் அப்படிச் செய்தான்? நண்பன் சீசரைக் குத்திய புரூட்டஸும் இதே ரகம்தானே? இனி யாரைத்தான் நம்புவது?

எஸ்., உட்லண்ட்ஸ்

அன்புள்ள எஸ்.,

புரூட்டஸை இதில் இழுக்காதீர்கள். குத்திய கையோடு மேடையேறி, ஊர் முன்னால் காரணம் சொன்னவன் அவன். உங்கள் நண்பர் சொன்னாரா?

'ஏன்' என்று ஒதெல்லோவே கடைசிக் காட்சியில் கேட்கிறான். "என்னை எதுவும் கேட்காதீர்கள், இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று இயாகோ வாயை மூடிக்கொள்கிறான். அவனே சொல்லாததை நான் எங்கே போய்ச் சொல்ல? எப்படிச் செய்தான் என்று பாருங்கள்.

மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் பேசிக்கொண்டிருந்த அவனது துணைத்தளபதி காசியோ நழுவிப் போகிறான். "ம்ஹூம், இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று இயாகோ முணுமுணுக்கிறான். என்ன சொன்னாய் என்று ஒதெல்லோ கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். காசியோ யோக்கியன்தானே என்று கேட்டால், "யோக்கியனா?" என்று அதையே திருப்பிச் சொல்கிறான். ஒதெல்லோ கெஞ்சிக் கெஞ்சி விஷத்தை வாங்கிக் குடிக்கிறான். பொறாமை கூடாது பிரபு என்று புத்தி வேறு சொல்கிறான் பாவி! மனைவிக்கும் காசியோவுக்கும் கள்ள உறவு என்று நம்பவைக்க, காசியோவின் கனவு, கைக்குட்டை என்று பொய்கள் அதற்குப் பிறகுதான் வரிசையாக வருகின்றன. காட்சி முடிவதற்குள், மூன்று நாளில் காசியோ சாக வேண்டும் என்று உத்தரவாகிவிடுகிறது.

இங்கே ஒரு சமூக மன்றத்தில் இந்த நாடகத்தின் ஒத்திகை பார்த்தேன். இயாகோவாக நடித்த தம்பி, நம்பியார் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டினார். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. இடைவேளையில், அன்று வராத ஒரு நடிகரைப் பற்றிப் பேச்சு வந்தது. அதே தம்பி தே ஓ (பாலில்லாத் தேநீர்) கோப்பையைப் பார்த்தபடி, "அட விடுங்கண்ணே, நான் எதுக்குச் சொல்லணும்" என்றார். இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டேய், சொல்லுடா" என்றார். இயாகோ அங்கேதான் இருந்தான், மேடையில் இல்லை.

நீங்கள் உங்களை ஒதெல்லோவாக நினைத்து அழுகிறீர்கள். கேட்டதை நம்பியவர் உங்கள் மேலாளர். ஒருமுறையாவது உங்களைக் கூப்பிட்டு விசாரித்தாரா? கடிதத்தில் அவர்மேல் ஒரு வரிகூடக் கோபமில்லையே, ஏன்? நீங்கள் காசியோ ஐயா. அவன் காலில் வெட்டுப்பட்டுப் பிழைத்துக்கொள்கிறான். நாடகம் முடியும்போது சைப்ரஸின் ஆட்சி அவன் கையில். திங்கட்கிழமை போய் மேலாளரைப் பாருங்கள்.