மகனுக்கு 24,000 ரூபாய் போனா, கடைக்கு ஒரு போனா?

கேள்வி: வேலூர் தோட்டப்பாளையத்தில் நானும் கணவரும் இட்லிக் கடை வைத்திருக்கிறோம். செலவு போக மாதம் 21,000 ரூபாய் நிற்கும். பாலிடெக்னிக் படிக்கும் மகன் 24,000 ரூபாய் போன் கேட்கிறான். வட்டியில்லாத் தவணையாம், மாதம் 2,000 வீதம் 12 மாதம். புராசஸிங் கட்டணம் 600 ரூபாயை முதலிலேயே கட்ட வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் 22,500-க்கே தருகிறார்கள். என் போனோ நாலு வருஷப் பழசு, காலைக் கூட்டத்தில்தான் சரியாக நின்றுபோகும். மூன்று போனுக்கும் ரீசார்ஜ் மாதம் 900 ரூபாய் ஆகிறது. கணவர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். "இந்த ஸ்மார்ட்போன் வந்ததிலிருந்து வீட்டில் காசு தங்கவில்லை" என்கிறார். போன மாதம் ஒருவர் பணம் அனுப்பியதாக ஸ்கிரீனைக் காட்டி 480 ரூபாய் ஏமாற்றியும் போனார். இரண்டு மாதத்தில் 15,000 ரூபாய் சீட்டுப் பணம் கைக்கு வரும். தவணையில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சீட்டுப் பணம் வரட்டும். வந்ததும் முதல் போன் கடைக்கு.

உங்கள் கடைக்கு கிரைண்டர் எப்படியோ, போனும் அப்படித்தான். சிஎம்சி பக்கம் வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பம் நாலு இட்லியும் வடையும் வாங்கினால், சில்லறையைத் தேடுமா, ஸ்கேன் செய்யுமா? அந்த நேரத்தில் போன் நின்றால் வியாபாரமும் நிற்கிறது. 10,000 முதல் 12,000 ரூபாய்க்குள் வாங்கும் போன் இந்த வேலைக்குத் தாராளம். அடுப்பு மேடையில் மட்டும் வைக்காதீர்கள். வேலூர் வெயில் போதாதென்று தோசைக்கல் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் உயிரை விடும். இப்போதைய போனுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

இப்போது அந்த "வட்டியில்லா" கணக்கைப் பார்ப்போம். ரொக்க விலை 22,500. தவணையில் நீங்கள் கட்டுவது 24,000, கூடவே 600. ஆக 2,100 ரூபாய் அதிகம். கேட்க சின்னத் தொகைதான். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறதே, அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 17 சதவீத வட்டி. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013-லேயே வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி எழுதிவிட்டது. வட்டி எங்கேயும் போகவில்லை, விலைக்குள்ளும் கட்டணத்துக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. மழையில் ஒரு வாரம் கடை மந்தமாகி ஒரு தவணை தவறினால் அபராதம் தனி. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நாளைக்குப் பெரிய கிரைண்டர் வாங்க, சிறுதொழிலுக்கான முத்ரா கடனுக்குப் போய் நின்றால் (சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும்) அந்தப் பழைய தவணைதான் முதலில் கண்ணில் படும்.

உங்கள் கணவர் சொல்வது பாதி உண்மை. முன்பு கல்லாவில் காசு குறைந்தால் ராத்திரி எண்ணும்போதே தெரிந்துவிடும். இப்போது இட்லி விற்ற பணமும் ரீசார்ஜும் ஆன்லைனில் வாங்கும் சட்டையும் ஒரே கணக்கில் வந்து போகின்றன. எது லாபம், எது மாவுக்கான முதல் என்று யாருக்குத் தெரியும்? கடைக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வையுங்கள், கியூஆர் அட்டை அதற்கு மட்டும். ஞாயிறுதோறும் ஒரு தொகையை வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள், ரீசார்ஜும் சட்டையும் அதிலிருந்து போகட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. முத்ராவுக்கு விண்ணப்பிக்கும்போது, தினமும் வரவு விழுந்த வங்கிக் கணக்கு உங்கள் வியாபாரத்துக்குச் சாட்சி சொல்லும். கல்லாப் பெட்டி அப்படிச் சொல்லாது.

ரீசார்ஜ் வருடத்துக்கு 10,800 ரூபாய் ஆகிறது. கிட்டத்தட்ட நீங்கள் வாங்கப் போகும் போனின் விலை! 2024 ஜூலையில் கட்டணங்கள் ஏறியதிலிருந்து எல்லா வீட்டிலும் இதே கதைதான். கணவரின் பட்டன் போனுக்கு டேட்டா எதற்கு? பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்குகளும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அந்த 480 ரூபாய் பற்றி. வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன் பணம் அல்ல. உங்கள் போனில் வரவு விழ வேண்டும், அல்லது ஸ்பீக்கர் பெட்டி சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிக்கு மாத வாடகை உண்டு, உங்கள் கூட்டத்துக்கு அது தண்டமில்லை. பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால்தான் பணம் வரும் என்று யாராவது சொன்னால் அவர் திருடன். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ஒரு ராத்திரி யோசித்துவிட்டு அழைத்தால் பணம் நாலு கணக்கு மாறியிருக்கும்.

மகனுக்கு? படிப்புக்குப் போன் வேண்டும்தான், 24,000 ரூபாய் போன் வேண்டாம். இப்போது வைத்திருப்பதில் பேட்டரியோ டிஸ்பிளேயோ மட்டும் கெட்டிருந்தால் மாற்றிக் கொடுங்கள். அது போதவில்லை என்று முறுக்கிக்கொண்டால், சீட்டில் மிச்சமாகும் மூன்று, நாலாயிரத்தோடு மாதம் 1,500 சேர்த்து அடுத்த வருஷம் ரொக்கமாக வாங்கட்டும். அதுவரை கடைக் கணக்கை ராத்திரி எழுதும் வேலை அவனுடையது. தவணை கிடைக்கவில்லை என்று ஏதாவது கடன் ஆப்பில் கைவைத்துவிடப் போகிறான், அதை மட்டும் இப்போதே பேசிவிடுங்கள். போனில் உள்ள தொடர்பு எண்களைக் கேட்கும் ஆப் என்றால் அந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் ஆப்புகள் அதைக் கேட்கவே கூடாது.

(சீட்டு பதிவு பெற்றதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்தத் தடவையோடு நிறுத்துங்கள்.)

புது போன் வாங்கப் போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள், பேரம் அவனுக்கு நன்றாக வரும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால், புதியதில் யுபிஐ வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு, பழையதில் எல்லாவற்றையும் அழித்து, சிம்மையும் கழற்றிய பிறகு கொடுங்கள்.