ஏவாளின் முகம் ஏன் கலங்கிப்போகிறது?

கேள்வி: ஆயில் பெயின்டிங் பழக ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படும், இத்தாலிய ஓவியர் மசாச்சோவின் சுவரோவியத்தைப் பார்த்து கேன்வாஸில் வரைகிறேன். ஏவாளின் முகத்தை மூன்று தடவை வழித்தெடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சாம்பலும் பழுப்புமாகச் சேறாகிறது. சுவரில் இருக்கும் அந்த வெளிறிய, பளபளப்பில்லாத நிறமும் வரவில்லை. பார்த்து வரைந்து கற்பதே தவறோ?

பதில்: தவறே இல்லை. இந்தப் படம் இருக்கிற ஃபுளோரன்ஸ் பிரான்காச்சி சிற்றாலயத்தில்தான் மைக்கேலாஞ்சலோவும் இளவயதில் மசாச்சோவைப் பார்த்து வரைந்து பழகினார். அங்குள்ள பேதுருவைப் பார்த்து அவர் வரைந்த தாள் இன்றும் மியூனிக்கில் இருக்கிறது. அதனால் அந்தக் கவலையை விடுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மசாச்சோவின் சுவரோவியம் ஃபிரெஸ்கோ முறையில் வரைந்தது. ஃபிரெஸ்கோ என்பது ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தண்ணீரில் குழைத்த நிறத்தை இடுவது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கல்லாக இறுகும்போது நிறமும் அதற்குள் பூட்டிக்கொள்கிறது. எண்ணெயே கிடையாது, அதனால்தான் பளபளப்பும் கிடையாது. நீங்கள் அந்த வெளிறலைப் பிடிக்க எல்லாக் கலவையிலும், நிழலில்கூட, வெள்ளையைச் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நிழலில் வெள்ளை சேர்ந்தால் சாம்பல்தான் வரும். போதாததற்கு ஆயில் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும், நாமும் தடவிக்கொண்டே இருப்போம், அடியிலிருக்கும் கறுப்பு மேலேறி வெளிச்சத்தைக் கெடுத்துவிடும்.

மசாச்சோவுக்கு அப்படித் தடவ நேரமில்லை. அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அந்த அளவுக்குத்தான் பூச்சு பூசுவார்கள், அது இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். அந்த ஒரு நாள் பங்குக்கு இத்தாலியர்கள் வைத்த பெயர் ஜொர்னாத்தா. ஏவாளின் முகத்தை இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள். கண்கள் சரிந்த இரண்டு இருட்டுக் கீற்றுகள், வாய் ஒரு திறந்த பள்ளம், இமை முடி எதுவும் இல்லை, ஆனால் அந்த அழுகை நம் காதில் விழுகிறது! இருபத்தைந்து வயதை ஒட்டிய ஒருவர் 1420களில் வரைந்தது இது.

நீங்களும் ஒரு நாளுக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப்படத்தை விட்டுவிட்டு ஏவாளின் தலை மட்டும் போதும். முதல் நாள் டர்பன்டைனில் நீர்த்த ரா அம்பர் என்ற பழுப்பு நிறத்தால் நிழல்களை மட்டும் வைத்துக் காயவிடுங்கள். அம்பர் சீக்கிரம் காயும். அப்புறம் உட்காரும்போது வெளிச்சம், நடுத்தரம், நிழல் என்று மூன்று கலவையைத் தட்டிலேயே தயார் செய்துவிட்டுத்தான் பிரஷைத் தொட வேண்டும். எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், டைட்டானியம் ஒயிட் இவ்வளவு போதும், நிழல் கலவையில் மட்டும் வெள்ளை வேண்டாம். ஒரு தீற்று வைத்தால் அதை விட்டுவிடுங்கள், பிரஷைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மேல் அடுக்கில் எண்ணெய் கொஞ்சம் கூடலாம், அடி அடுக்கில் கூடக் கூடாது. கூடினால் பின்னால் பெயின்டில் விரிசல் விடும்.

இன்னொன்று, நீங்கள் பார்த்து வரையும் புகைப்படத்தில் இருவருக்கும் இடுப்பில் இலைகள் இருக்கின்றனவா? இருந்தால் அது பழைய படம். அந்த இலைகள் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாரோ சேர்த்தவை, 1980களில் சுத்தம் செய்தபோது புகைக்கறையோடு அவற்றையும் எடுத்துவிட்டார்கள். கறுத்த பழைய படத்தைப் பார்த்தே நீங்கள் பழுப்பைக் குழைத்துக்கொண்டிருக்கலாம், அதனால் புதிய படத்தைத் தேடிப் பிடியுங்கள். வெளிச்சம் வலப்பக்கமிருந்து வருவதையும் கவனியுங்கள், அந்தச் சிற்றாலயத்தின் உண்மையான சன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

பளபளப்பு குறைய, நன்றாக உறிஞ்சும் ஜெஸ்ஸோ (கேன்வாஸில் முதலில் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) மேல் வரையுங்கள், கூடுதல் எண்ணெய் ஊற்றாதீர்கள், வார்னிஷ் அடித்தால் மேட் வார்னிஷாக இருக்கட்டும். சுவரின் விரிசல்களையெல்லாம் வரைய வேண்டாம், அவை மசாச்சோ வரைந்தவை அல்ல. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய தகர டப்பாவில் போடுங்கள். சன்னலும் திறந்திருக்கட்டும்.

ஏவாள் வந்துவிட்டால் அடுத்து ஆதாமை எடுங்கள். அவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருக்கிறார், அழுகையெல்லாம் குனிந்த தோளிலும் உள்ளிழுத்த வயிற்றிலும்தான் இருக்கிறது.